ஆனைமலைச் சோலை வழியே

மலைப் பிரயாணம் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களுக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஏரியில் படகு விட்டு, கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, வர்க்கியையும் தைலத்தையும் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டால் யாத்திரை பூர்த்தியாகிவிட்டதென்று திருப்தி அடைகிறோம். மலைக்குப் போய் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்டு, வால்பாறை ஏறி, மலக்கப்பாறை வழியாகக் கேரளத்துச் சாலக்குடிக்கு இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. முழுத் தூரமும் சுமார் 170 கிலோமீட்டர்தான். அவசரக்காரர் ஒரே பகலில் கடந்துவிடலாம். ஆனால் அந்த வழியில்தான் ஆனைமலையின் மழைக்காடு நிற்கிறது. வருஷத்தில் பல மாதம் மழையில் நனைந்து, என்றும் இலை உதிர்ந்து மொட்டையாகாமல், மரத்தின்மேல் மரமாக நூறு அடிக்கும் மேலே உயர்ந்து நிற்கும் காடு அது. மலைவாசிகள் அதைச் 'சோலை' என்கிறார்கள். நகரத்துப் பூங்காவுக்கு நாம் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டபடியால், அசல் சோலை எப்படி இருக்கும் என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் அந்த வழியே போய் வந்தோம். எங்கள் கோஷ்டியில் ஒரு வக்கீல் நண்பரும், அவருடைய பத்து வயதுக் குமாரியும் உண்டு. வக்கீலுக்கு ஒரே ஒரு கோரிக்கைதான்: புலியைப் பார்க்கவேண்டும். நோட்டீஸ் அனுப்பி வரவழைக்கக்கூடிய சாட்சி அல்லவே புலி என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. குமாரி ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்து வந்திருந்தாள். காண்கின்ற பிராணிகளையெல்லாம் அதில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

நாற்பது வளைவுகள்

பொள்ளாச்சியைத் தாண்டினால் இருபுறமும் தென்னந்தோப்பு. தோப்புக்கு அப்பால் நீல நிறமாக மலைச்சுவர். அடிவாரத்தில் ஆழியாறு அணை. அணையைக் கடந்தவுடன் வன இலாகாவின் சோதனைச் சாவடி. அங்கிருந்து பாதை மலைமேல் ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு புரட்டும் சுபாவமுள்ளவர்கள் அந்த எண்களை எண்ணாமல் இருப்பதே உத்தமம்.

இந்த ஏற்றத்தில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் பல தேசங்களைக் கடந்து போவதுபோன்ற பிரமை உண்டாகிறது. அடியில் முட்புதரும் வறண்ட மரமுமாக இருந்த காடு, மேலே போகப் போகத் தழைக்கிறது. காற்றில் ஈரம் ஏறுகிறது. பாறைகளில் பாசி படர்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே வெறுங்கையோடு வருவதால் உண்டாகும் வித்தியாசம் இது. வால்பாறையில் வருஷத்துக்குச் சராசரி 3,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது.

ஒன்பதாவது வளைவில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். பொள்ளாச்சிக்காரர், இருபது வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர். "கொஞ்சம் பேசாம இருங்க, சார். மேலே பாறையைப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் பார்த்தோம். பாறையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு பாறையின் ஒரு துண்டு காதை ஆட்டியது! வரையாடுகள்! எட்டு உருப்படி இருக்கும். செங்குத்தான பாறையின் விளிம்பில், நாம் கால் வைக்க நினைத்தாலே தலைசுற்றும் இடத்தில், அவை சாவதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கிழ ஆட்டுக் கடா ஒன்றின் முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெளுத்த பட்டை தெரிந்தது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இந்த வரையாடு. 'வரை' என்றால் மலை; மலையிலேயே பிறந்து மலையிலேயே மடியும் ஆடு. சங்கப் புலவர்கள் 'வருடை' என்று பெயர் சொன்ன பிராணி இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழ்கிறது. எத்தனையோ பேர் அந்த வளைவில் இறங்கி, அணையைப் பின்னணியாக வைத்துத் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே நின்ற ஆடுகளை அண்ணாந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே.

சோலைமந்தி

அட்டகட்டியைத் தாண்டியபின் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. இடையிடையே ஒரு துண்டு சோலை, பிறகு தேயிலை, மறுபடியும் ஒரு துண்டு சோலை. வால்பாறைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் புதுத்தோட்டம் என்ற இடத்தில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. பரப்பு சுமார் 92 ஹெக்டேர். அந்தச் சிறு காட்டின் நடுவேதான் சாலை போகிறது.

அங்கே சோலைமந்தியைக் கண்டோம். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மை போன்ற கறுப்பு உடம்பு. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்குப் போல ஒரு குஞ்சம். அதன் முகத்தைப் பார்த்தால் ஏதோ வயோதிக ரிஷி ஆழ்ந்த யோசனையில் இருப்பது போல் தோன்றும். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. உலகில் எஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான். வெடிப்பலா என்ற மரத்தின் பூவும் காயும் அதற்குப் பிரியமான ஆகாரம். தரையில் கால் வைக்காமல் கிளைக்குக் கிளை தாவியே ஆயுளைக் கழிப்பது அதன் குல தர்மம்.

ஆனால் புதுத்தோட்டத்தில் அந்தக் குல தர்மம் கெட்டுப்போயிருக்கிறது. சாலைக்கு இருபுறமும் மரங்கள் பிரிந்து நிற்பதால் கிளைவழி அறுந்துவிட்டது. மந்திகள் தரையில் இறங்கித் தார்ச்சாலையைக் கடக்க நேர்ந்தது. கடக்கும்போது சக்கரத்தில் அகப்பட்டு மாண்டவையும் உண்டு. இதைப் பார்த்துப் பொறுக்காத இயற்கை ஆராய்ச்சியாளர்கள், தீயணைப்புக்காரர்கள் உபயோகிக்கும் குழாய்த் துணியைப் பின்னி, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் நின்றிருக்கும்போதே ஒரு தாய், குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பாலத்தின்மேல் நடந்து போயிற்று. கீழே பஸ் ஒன்று போயிற்று. இரண்டும் ஒன்றையொன்று லட்சியம் செய்யவில்லை. வெகு சாமானியமான காட்சிதான்; ஆனாலும் எங்கள் கண்கள் பனித்தன.

அடுத்த நிமிஷமே வேறொரு காட்சி. எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு வாழைக்காய் வறுவலை வீசியது. பாலத்தில் ஏறவிருந்த நாலைந்து மந்திகள் சடாரென்று தரைக்குக் குதித்தன. எதிரே லாரி. டிரைவர் முறுக்கிப் பிடித்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. காரிலிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. குழந்தைகளோடு வந்த நல்ல குடும்பத்தார். குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பது புண்ணியம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? கோயில் வாசலில் சொன்ன தர்மம் சோலை வாசலில் எமனாகிறது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்? அங்கே காவலுக்கு நின்ற இளைஞர் ஒருவர் அந்தக் காரிடம் போய், கோபமே இல்லாமல், கைகூப்பி அதைத்தான் சொன்னார். தினம் எத்தனை தடவை கைகூப்புகிறாரோ, பாவம்!

இந்தக் குரங்குக்கு நம் தேச சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே 'அமைதிப் பள்ளத்தாக்கு' என்னும் காட்டில் அணை கட்ட ஏற்பாடு நடந்தபோது, பள்ளிக்கூட ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் சின்னமாக விளங்கியது சோலைமந்தி. கடைசியில் அணைத்திட்டம் கைவிடப்பட்டு, 1984-ம் வருஷத்தில் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று.

பச்சைக் கம்பளத்தின் விலை

வால்பாறையை முதன்முதல் பார்ப்பவர்கள் "ஆஹா, பச்சைக் கம்பளம்!" என்று வியக்கிறார்கள். எங்கள் வக்கீலும் வியந்தார். கம்பளம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் அடியில் எது கிடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும்.

1890-களில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இங்கே வந்தார்கள். கார்வர் மார்ஷ் என்ற துரைக்குக் கவர்க்கல் அருகே சிலையே இருக்கிறது. முதலில் காப்பி, பிறகு தேயிலை என்று அடுத்த சில பத்து வருஷங்களில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியின் சோலையில் பெரும்பகுதி வெட்டுண்டு போயிற்று. வெட்டியவர்கள் யார்? துரைமார் கையில் கோடரி பிடிக்கவில்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்தால் அடிபட்ட ஏழை ஜனங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்தார்கள். அட்டைக் கடியிலும் மலைக்காய்ச்சலிலும் அவர்கள் மடிந்தார்கள். முன்பணக் கடன் தீராமலே உயிர் தீர்ந்தவர்கள் அநேகர். இந்தத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் அந்தக் கொடுமைகளை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 1969-ல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். 2013-ல் வந்த 'பரதேசி' என்ற சினிமாவுக்கும் அதுவே ஆதாரம். காலையில் நாம் ஆற்றிக் குடிக்கும் தேநீரில் அந்தக் கண்ணீரும் கலந்திருக்கிறது. 1964-ம் வருஷத்து ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம்மவர்கள் சிலருக்கும் பிற்பாடு இம்மலைத் தேயிலையே வாழ்வளித்தது.

"எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை!" என்றார் வக்கீல்.

அவ்வளவு சுலபமாக வழக்கை முடித்துவிட முடியாது. 1947-க்குப் பிறகு இந்த மலைக்கு எஜமானர்கள் நாம்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்திற்காக மேற்கே ஓடிய ஆறுகளை அணைகளால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினோம். கோவைச் சீமையில் நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் அந்த நீரால் பயன் பெறுகிறது. வழியில் நாங்கள் பார்த்த தென்னந்தோப்பெல்லாம் அதன் வரப்பிரசாதமே. அது பெரிய காரியம். அதைக் குறை கூற மாட்டோம். ஆனால் அந்த அணைகளில் தேங்குவது வானத்திலிருந்து நேரே விழுந்த தண்ணீர் மட்டுமல்ல. மழை நாளில் சோலை உறிஞ்சிக்கொண்டு, மழையில்லாத நாளில் சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீரும் அதில் இருக்கிறது. சோலை போனால் கோடையில் அணையின் கதி என்ன? சுயராஜ்யம் வந்தபின் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாமே தவிர, கவர்க்கல்லில் சிலையாக நிற்கும் துரை அல்ல.

நல்ல வேளையாக, பதில் சொல்லத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். 'நேச்சர் கன்ஸர்வேஷன் பவுண்டேஷன்' என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தோட்டக் கம்பெனிகள் சிலவற்றின் சம்மதத்தோடு, சிதைந்த சோலைத் துண்டுகளில் அந்தந்த இடத்துக்கே உரிய மரக்கன்றுகளை இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் நட்டு வருகிறார்கள். கன்று மரமாவதற்கு நாளாகும். நட்டவர்கள் அதன் நிழலில் உட்காரப் போவதில்லை. நம் நாட்டில் சாலை ஓரத்தில் புளியங்கன்று நட்டவர்களும் அப்படித்தானே நட்டார்கள்?

சிவப்பு விளக்கு

அன்று மாலை வால்பாறைக்கு அருகே ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தோம். நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஸ்திரீகள் சிலர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி தன் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "ஆனை நம்ம லயத்துக்கு மேல்பக்கம் நிக்குதாம். எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்றாள்.

எங்களுக்கு விஷயம் விளங்கவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது. இந்தப் பீடபூமியைச் சுற்றி நாற்புறமும் காடு. ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போகும் யானைக் கூட்டங்கள் தேயிலையினூடே நடந்துதான் ஆகவேண்டும். ஆதியில் அவை நடந்த வழி அது. நாம்தான் குறுக்கே வந்து லயங்களைக் கட்டினோம். இருட்டிலும் பனியிலும் யானை நிற்பது தெரியாமல் அருகே போய், உயிரை விட்டவர்கள் பல பேர். யானை துரத்திக் கொன்றது என்பதைவிட, இருவரும் எதிர்பாராமல் முட்டிக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. ஆகவே யானை எங்கே இருக்கிறது என்று தினமும் கண்டறிந்து, அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை 2011-ம் வருஷத்தில் முன்சொன்ன ஸ்தாபனத்தார் ஆரம்பித்தார்கள். பஸ் நிற்கும் இடங்களிலும் பாதை பிரியும் இடங்களிலும் கம்பத்தின்மேல் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் யானை வந்தால் விளக்கு எரியும். கைப்பேசியிலிருந்தே அதை ஏற்றலாம், அணைக்கலாம். வன இலாகாவும் தோட்டத்து ஜனங்களும் சேர்ந்தே இதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

"உங்களுக்கு ஆனை மேலே கோபம் இல்லையா, பாட்டி?" என்று குமாரி கேட்டாள்.

"கோபப்பட்டு என்ன செய்ய, தாயி? அது நம்மளைத் தேடியா வருது? அது பாட்டுக்குப் போகுது. இருக்கிற இடம் தெரிஞ்சுட்டா நாம ஒதுங்கிக்கலாம். தெரியாமப் போனாத்தான் வினை" என்றாள் அந்த அம்மாள். பஸ் வந்தது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். தூரத்தில், பனிக்குள்ளே, நெற்றிக் குங்குமம்போல் ஒரு சிவப்பு விளக்கு எரிவது எங்களுக்குத் தெரிந்தது.

பெரிய பெரிய சர்வகலாசாலைகளில் மனிதனும் மிருகமும் சேர்ந்து வாழ்வது பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். அந்த விளக்கின் கீழே பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டில் லயத்துக்கு நடந்து போகிறவளுக்கு அது பேச்சு அல்ல. அன்றாடம் உயிரோடு வீடு சேரும் காரியம்.

மலக்கப்பாறைக்கு அப்பால்

மறுநாள் காலை சோலையாறு அணையின் பக்கமாக மலக்கப்பாறைக்குப் போனோம். அங்கே கேரள எல்லை. சோதனைச் சாவடியில் வண்டி எண்ணையும், நாங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் சீசாக்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, நேரம் எழுதிய சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அத்தனை சீசாவும் மறுமுனையில் திரும்பக் காட்டப்படவேண்டும்; குறித்த நேரத்துக்குள் காட்டைக் கடக்கவும் வேண்டும். இரவில் இந்த வழி அடைக்கப்படுகிறது. நல்ல சட்டங்கள்! மழைக்கால இராத்திரிகளில் சாலையைக் கடக்கும் தவளைகளும் பாம்புகளும் எத்தனை ஆயிரம் சக்கரத்தில் நசுங்குகின்றன என்பதை நினைத்தால், காட்டுக்கும் ஓர் இராத்தூக்கம் வேண்டும் என்பது புரியும்.

அங்கிருந்து வாழச்சால் வரையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் முழுதும் காடு. வானம் மறைந்துவிடுகிறது. பத்து மணி வெயில் இலைகளில் வடிகட்டப்பட்டு, பச்சை நிறமாகத் தரைக்கு வருகிறது. மரங்களின் அடியில் சுவர்போல் விரிந்த வேர்கள். அவற்றின் நடுவே ஓர் ஆள் ஒளிந்து நிற்கலாம். குங்கிலிய மரங்கள், கொடிகள், ஓடைகள், நாணல் மூங்கில். சிள்வண்டுகளின் சுருதி ஓயாமல் ஒலிக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால்தான் அந்தச் சுருதிக்கு மேலே மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாய்க் கேட்கத் தொடங்குகின்றன.

காட்டில் மிருகம் பார்ப்பதற்கு உபாயம் ஒன்றே ஒன்றுதான்: நிற்பது. ஐந்து நிமிஷம் நின்றோம், ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு மலை அணில், பூனை அளவு உடம்பும் அதைவிட நீண்ட வாலுமாகக் கிளையில் படுத்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வரும்போதே அது அங்கேதான் இருந்திருக்கவேண்டும். பிறகு 'ஹூ, ஹூ' என்று பள்ளத்தாக்கு அதிரும்படி கருமந்தியின் கூவல். இந்தக் கருமந்தியை ஒரு காலத்தில் 'கருங்குரங்கு ரசாயனம்' என்ற லேகியத்துக்காக ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். லேகியம் சாப்பிட்டவர்கள் யாரும் சிரஞ்சீவியாக இருப்பதாய்த் தெரியவில்லை; மந்திகள் மட்டும் அருகிவிட்டன. குமாரியின் நோட்டில் இவ்விரண்டோடு, காட்டுமாடு மூன்று, கேளையாடு ஒன்று, துடுப்புவால் கரிச்சான் ஒன்று, பாதி தெரிந்த பாம்பு ஒன்று என்று ஜாபிதா வளர்ந்தது.

ஒரு வளைவில் டிரைவர் திடீரென்று நிறுத்தினார். அறுபது எழுபது கஜ தூரத்தில் சாலை ஓரத்து மூங்கில் தானே அசைந்தது. ஒரு தும்பிக்கை வெளியே நீண்டு காற்றை முகர்ந்தது. பிறகு பெண் யானை ஒன்று சாலைக்கு வந்து எங்களைப் பார்த்தபடி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தி நிறுத்தினார். "குட்டி இருக்குதுங்க. அது கடக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்க வேண்டாம்" என்றார்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. அதில் வாலிபர்கள். ஹாரனை இரண்டு தடவை அடித்தார்கள். யானை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. காதுகள் முறம்போல் விரிந்தன. ஓர் அடி முன்னே வைத்தது. எங்கள் நெஞ்சு அடித்துக்கொண்ட சப்தம் எங்களுக்கே கேட்டது. டிரைவர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று அமர்த்திக் காட்டினார். நல்ல காலமாக அந்தக் கார் சப்தத்தை நிறுத்திப் பின்வாங்கியது. யானை நெடுநேரம் அப்படியே நின்றது. அப்புறம், மனம் மாறினாற்போல் காதைத் தளர்த்தி ஒதுங்கியது. அதன் பின்னால் இரண்டு பெரியவை; அவற்றின் கால்களுக்கிடையே, உருண்டு போகும் கறுப்பு மூட்டைபோல ஒரு குட்டி. குட்டி நடுச்சாலையில் நின்று தும்பிக்கையால் தார்ப்பாதையைத் தடவிப் பார்த்தது. தாய் அதைப் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. எல்லாம் மறைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தோம். முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

இந்தப் பாதையில் போகும் பஸ்காரர்களுக்கு இது சர்வசாதாரணம். 2022-ம் வருஷம் நவம்பரில், 'கபாலி' என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்த கொம்பன் யானை எதிரே வந்து வழிவிட மறுக்கவே, பிரயாணிகளோடு ஒரு பஸ்ஸை அதன் டிரைவர் சுமார் 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார். முன்னோக்கி ஓட்டுவதற்கே கஷ்டமான மலைப்பாதையில் இது எத்தகைய சாதனை! யாருக்கும் காயமில்லை, கபாலிக்கும் காயமில்லை. வேகமாய்ப் போகத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். பின்வாங்கத் தெரிந்தவரே நல்ல சாரதி.

இருவாட்சி

வாழச்சாலை நெருங்கும்போது தலைக்கு மேலே ரயில் எஞ்சின் நீராவி விடுவதுபோல் 'புஸ், புஸ்' என்று சப்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தோம். நாலடி நீளமுள்ள ஒரு பறவை ஆற்றைக் கடந்து போயிற்று. மஞ்சள் அலகு, அதன்மேல் மகுடம் கவிழ்த்தாற்போல் ஒரு கொண்டை, கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை. அதுதான் பெரிய இருவாட்சி. கேரளத்தின் மாநிலப் பறவை. இந்த ஆற்றங்கரையில் நான்கு வகை இருவாட்சிகள் வாழ்கின்றன.

இருவாட்சியின் இல்லறத்தைக் கேட்டால் இதிகாச தம்பதிகளே நினைவுக்கு வருவார்கள். பெரிய மரத்தின் பொந்தில் பெண் பறவை புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும். உள்ளே இறகுகளை உதிர்த்துவிட்டு, முட்டையிட்டு, மூன்று மாதத்துக்கு மேல் அது சிறையிருக்கும். ஆண் பறவை நாள்தோறும் அத்திப்பழமும் காட்டுக் கனிகளும் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியாக ஊட்டும். ஆண் ஒரு நாள் திரும்பாவிட்டால் உள்ளே இருப்பவற்றின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. தின்ற பழங்களின் விதைகளை மலை மலையாய்ப் பறந்து விதைப்பதும் இந்தப் பறவையே. இருவாட்சி இல்லாத சோலை, விதைப்பவன் இல்லாத வயல்.

வாழச்சால் காடர்களுக்கு இந்தப் பொந்து மரம் ஒவ்வொன்றும் தெரியும். காடர் என்போர் இக்காட்டின் பூர்வகுடிகள். தேனும் குங்கிலியமும் சேகரித்து வாழ்பவர்கள். முன்பு அவர்களில் சிலர் இருவாட்சிக் குஞ்சுகளை எடுத்துப் புசித்ததுண்டு. இன்றோ அதே மக்கள் வன இலாகாவோடு சேர்ந்து கூடுகளைக் கண்டறிந்து, குறிப்பெடுத்து, காவல் காக்கிறார்கள். 2014-ல் இங்குள்ள 9 காடர் குடியிருப்புகளுக்குச் சட்டப்படி சமூக வன உரிமையும் கிடைத்தது. காட்டை அறிந்தவன் கையில் காட்டை ஒப்படைப்பதைவிடச் சிறந்த காவல் வேறேது?

வாழச்சாலுக்குக் கீழே அதிரப்பள்ளி அருவி. சாலக்குடி ஆறு சுமார் 80 அடி உயரத்திலிருந்து மூன்று பிரிவாக விழுகிறது. அருவிக்கு மேலே ஓர் அணை கட்டி மின்சாரம் எடுக்கவேண்டும் என்று வெகு காலமாகப் பேச்சு. கட்டினால் அருவியின் நீரும் இருவாட்சியின் ஆற்றங்கரை மரங்களும் காடர்களின் ஊரும் என்னவாகும் என்று எதிர்ப்பும் வெகு காலமாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையும் இந்த அணை வேண்டாம் என்றே கூறியது. அணை எழவில்லை, அருவி விழுந்துகொண்டிருக்கிறது. மின்சாரமில்லாமல் வீடு நடக்காது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒன்றை விலை பேசுமுன் அதை ஒரு முறையேனும் கண்ணால் பார்த்திருக்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை

நேயர்களில் பலர் குடும்பத்தோடு இந்த வழியே போகக்கூடும், அவசியம் போகவேண்டும். சொந்த வண்டி இல்லையே என்று விசாரப்பட வேண்டாம். பஸ் இருக்கிறது, ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதைவிடச் சௌகரியமான விமானம் கிடையாது. காலையிலேயே புறப்படுங்கள், பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வெளியேறுங்கள். மந்திக்கு எதையும் கொடுக்காதீர்கள். ஹாரனையும் பாட்டுப் பெட்டியையும் மறந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். யானை நின்றால் நீங்களும் நில்லுங்கள். அதற்கு எந்த ஊருக்கும் நேரத்தில் போய்ச் சேரவேண்டிய கட்டாயமில்லை.

வக்கீல் நண்பருக்குப் புலி கிடைக்கவில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகம் 2007-ம் வருஷத்தில் ஏற்பட்டது. புலிகள் அங்கே இருக்கின்றன. அவை நண்பரைப் பார்த்திருக்கவும் கூடும். "எதிர்த்தரப்புச் சாட்சி நம்மைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். குமாரியின் நோட்டில் மொத்தம் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. அவற்றில் பதினாறு பெயர்கள் எங்களில் ஒருவரும் அதற்கு முன் கேட்டறியாதவை. நம் தேசத்துப் பிராணிகளின் பெயர்களே நமக்குத் தெரியாமல் இருக்கும்போது, அவற்றைக் காப்பாற்றுவது எவ்வாறு? பெயர்களிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. சோலைமந்தி, வரையாடு, கருமந்தி, கேளையாடு, இருவாட்சி என்று நம் வீட்டுக் குழந்தைகள் சொல்லப் பழகட்டும். அவர்கள் பெரியவர்களாகி அந்த வழியே போகும்போது, சொன்ன பெயருக்குரிய பிராணி கிளையில் இருக்கவேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வது நம் பொறுப்பு.